ஒரு நாளைக்கு 480 குடம்: நம் இதயத்தைத் தெரிந்துகொள்வோம்



இந்த இதழின் உடல்நலப் பாடத்தில் நாம் படிக்கப் போவது நம் இதயத்தைப் பற்றி. வழக்கம்போல கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். பாடம் கொஞ்சம் பெரியது. இரண்டு கூட்டங்களாகப் பிரித்துப் படித்தாலும் சரிதான். கடைசியில் உள்ள கேள்விகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பாடத்தை எழுதச் சொன்னது நம் கூட்டமைப்பில் உள்ள ஓர் ஊக்குநர் அக்கா. வயது 46. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஆறு வருடமாக சர்க்கரை நோய் இருக்கிறது. போன வருடம் ஒரு வியாழக்கிழமை, கடன் தவணை வசூலிக்கும் கூட்டம். நானும் அங்கே இருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு திடீரென்று வேர்த்துக் கொட்டியது. "தாடையெல்லாம் இழுக்குது, முதுகு கனமா இருக்கு" என்றார். "சாப்பிடாம வந்திருப்பீங்க அக்கா, ஒரு சோடா குடிங்க, சரியாயிடும்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். சமூகப்பணி படித்தவள், எத்தனையோ உடல்நல முகாம் நடத்தியவள். எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை.

வீட்டுக்குப் போய் ஓமத் தண்ணி, சீரகத் தண்ணி எல்லாம் குடித்திருக்கிறார். கடையில் வாயு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். ராத்திரி இரண்டு தடவை வாந்தி. "காலையில பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். காலையிலும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. குழுப் பணத்தைக் கட்ட வங்கிக்குப் போனார். பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது வலி தொடங்கி இருபது மணி நேரம் ஆகியிருந்தது. உயிர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றைக்கு அவரால் ஒரு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு பத்து எட்டு நடக்க முடியவில்லை. இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு விட்டுத் தூங்க முடிகிறது.

அவரைப் பார்க்கப் போனபோது என்னிடம் சொன்னார்: "கிணத்து மோட்டார் தண்ணி எடுக்கலைன்னா ஃபுட் வால்வைப் பாக்கணும்னு எனக்குத் தெரியும் மேடம். என் நெஞ்சுக்குள்ள இருக்குற மோட்டாரைப் பத்தி ஒண்ணுமே தெரியலையே. இதை நம்ம பத்திரிகையில எழுதுங்க."

அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் ஒரு கணக்கு

உங்கள் கையை இறுக்கி மூடிப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் உங்கள் இதயம். எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். பலர் நினைப்பது போல அது முழுக்க முழுக்க இடது பக்கம் இல்லை. நெஞ்சின் நடு எலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், கூர் முனை இடது பக்கம் சாய்ந்தபடி இருக்கிறது. "வலி நடு நெஞ்சுலதானே, இடது பக்கம் இல்லையே, இது இதயம் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு சுமார் 72 தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் சுமார் 70 மில்லி இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. 70 மில்லி என்றால் ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு. பெருக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு 5 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். நாம் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 480 குடம்! கைப்பிடி அளவு சதை, ராத்திரி பகலாக இவ்வளவு இறைக்கிறது.

ஆனால் இதில் ஒரு சந்தேகம் வர வேண்டும். நம் உடம்பில் மொத்த இரத்தமே நாலரை முதல் ஐந்து லிட்டர்தான். நிமிடத்துக்கு 5 லிட்டர் வெளியே போனால் அடுத்த நிமிடத்துக்கு இரத்தம் எங்கிருந்து வரும்?

இதே கேள்வியைத்தான் லண்டனில் இருந்த வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரும் கேட்டார். அதுவரை ஐரோப்பாவில் ஆயிரத்து நானூறு வருடமாக, நாம் சாப்பிடும் சாப்பாட்டில் இருந்து ஈரல் புதிது புதிதாக இரத்தம் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது என்றுதான் நம்பினார்கள். ஹார்வி வரவு செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம், உடம்பில் இருக்கும் மொத்த இரத்தத்தைவிட அதிகமாக வந்தது. அவ்வளவு இரத்தத்தை எந்தச் சாப்பாட்டாலும் உண்டாக்க முடியாது. அப்படியானால் அதே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது என்று 1628-இல் புத்தகமாக எழுதி வெளியிட்டார்.

நமக்கு இது புதிய விஷயமே இல்லை. நம் குழுவின் சுழல் நிதி எப்படி? கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான். ஒருவருக்குப் போய், தவணையாகத் திரும்பி வந்து, அடுத்தவருக்குப் போகிறது. திரும்பி வருவதால்தான் கொஞ்சப் பணத்தில் இத்தனை பேருக்கு உதவ முடிகிறது. இரத்தமும் உடம்பின் சுழல் நிதிதான். ஓய்வாக இருக்கும்போது ஒரு சுற்று முடிய சுமார் ஒரு நிமிடம் ஆகிறது.

ஆட்டு இதயத்தில் பார்த்த பாடம்

போன மாதப் பயிற்சியில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். கறிக்கடையில் சொல்லி வைத்து ஓர் ஆட்டு இதயத்தை வெட்டாமல் முழுதாக வாங்கி வந்தோம். ஆட்டுக்கும் நம்மைப் போல நான்கு அறை கொண்ட இதயம்தான். கிராம சுகாதார நர்சம்மா வந்து அறுத்துக் காட்டினார். முதலில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "கொழம்பு வைக்கிறப்ப பாக்கலையா?" என்று ஒரு பாட்டி கேட்டதும் எல்லோரும் சிரித்து, கிட்ட வந்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வெளியே மெல்லிய உறை. மேல் பக்கம் கொழுப்பு. மேலே நாலைந்து குழாய்கள் வெட்டுப்பட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் மெத்தென்று இருக்கிறது, இன்னொரு பக்கம் கெட்டியாக இருக்கிறது. மெத்தென்று இருப்பது வலது பக்கம். கெட்டியாக இருப்பது இடது பக்கம்.

அறுத்துப் பார்த்தால் உள்ளே நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகள் இரத்தத்தை வாங்கி வைக்கும் அறைகள். சுவர் மெல்லியது. கீழறைகள்தான் தள்ளும் அறைகள். வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதில் ஓட்டை இருக்கக் கூடாது. சில குழந்தைகள் "இதயத்தில் ஓட்டை"யோடு பிறக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோமே, பெரும்பாலும் இந்தச் சுவரில் உள்ள ஓட்டைதான் அது.

இப்போது இரத்தம் போகும் வழியைப் பார்ப்போம்.

1. உடம்பெல்லாம் சுற்றி, பிராணவாயுவைக் கொடுத்துவிட்டு வந்த கருஞ்சிவப்பு இரத்தம் இரண்டு பெரிய சிரைகள் வழியாக வலது மேலறைக்கு வருகிறது.

2. அங்கிருந்து ஒரு வால்வைத் தாண்டி வலது கீழறைக்கு இறங்குகிறது.

3. வலது கீழறை சுருங்கி அதை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே கரியமில வாயுவை விட்டுவிட்டு, நாம் இழுத்த மூச்சில் இருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. நிறம் பளிச்சென்று சிவப்பாகிறது.

4. நுரையீரலில் இருந்து இடது மேலறைக்கு வருகிறது.

5. இன்னொரு வால்வைத் தாண்டி இடது கீழறைக்கு இறங்குகிறது.

6. இடது கீழறை பலமாகச் சுருங்கி, பெருந்தமனி என்ற பெரிய குழாய் வழியாக உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்புகிறது.

ஆக, இதயம் ஒரு மோட்டார் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்த இரண்டு மோட்டார். வலது மோட்டார் பக்கத்து வீடான நுரையீரலுக்கு மட்டும் இறைக்கிறது. இடது மோட்டார் உடம்பு முழுவதற்கும் இறைக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவு இரத்தத்தைத் தள்ளுகின்றன. ஆனால் இடது பக்கத்துக்கு அழுத்தம் பல மடங்கு வேண்டும். அதனால்தான் அதன் சுவர் வலது பக்கத்தைப் போல சுமார் மூன்று மடங்கு தடிமன். கையால் தொட்டபோது கெட்டியாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுகள்

கிணற்றில் இறக்கிய குழாயின் அடியில் ஃபுட் வால்வு எதற்கு இருக்கிறது? தண்ணீர் மேலே ஏறலாம், திரும்பக் கீழே இறங்கக் கூடாது. இதயத்தில் அப்படி நான்கு வால்வுகள் இருக்கின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்று. வலது பக்கம் மூவிதழ் வால்வு, இடது பக்கம் ஈரிதழ் வால்வு. கீழறையில் இருந்து வெளியே போகும் இரண்டு குழாய்களின் வாயில் இன்னும் இரண்டு.

நர்சம்மா ஆட்டு இதயத்தின் பெருந்தமனிக்குள் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினார். ஊற்றியதும் மூன்று சின்ன இதழ்கள் விரிந்து மூடிக்கொண்டன. தண்ணீர் கீழே இறங்காமல் அப்படியே நின்றது. செத்த இதயத்தில்கூட வால்வு வேலை செய்வதைப் பார்த்து எல்லோரும் ஆச்சரியப்பட்டுப் போனோம். மேல் வால்வுகளின் இதழ்களை வெள்ளை நூல் போன்ற நாண்கள் கீழே இருந்து இழுத்துப் பிடித்திருக்கின்றன. குடை காற்றில் திருப்பிக்கொள்ளாமல் கம்பி பிடிப்பது மாதிரி, இந்த நாண்கள் வால்வு திருப்பிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்கின்றன.

டாக்டர் குழாய் வைத்துக் கேட்கும் "லப் டப்" சத்தம் இந்த வால்வுகள் மூடும் சத்தம்தான். கீழறைகள் சுருங்கத் தொடங்கும்போது மேல் வால்வுகள் மூடுவது "லப்". சுருங்கி முடிந்ததும் வெளிக்குழாய் வால்வுகள் மூடுவது "டப்".

வால்வு கெடுவதற்கு நம் ஊர்ப் பக்கம் ஒரு முக்கியமான காரணம் உண்டு. அம்மாக்கள் கவனியுங்கள். குழந்தைக்குத் தொண்டைப் புண் வருகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து காய்ச்சலும், முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு மாறி வீக்கமும் வலியும் வருகிறது. இதுவே ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வலி போய்விடும். ஆனால் அது இதய வால்வைத் தடிக்க வைத்துவிட்டுப் போகலாம். இந்தக் காய்ச்சல் என்று டாக்டர் உறுதி செய்தால், மறுபடி வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசியை வருடக்கணக்கில் போடச் சொல்வார். "பிள்ளைதான் நல்லா ஓடியாடுதே" என்று பாதியில் நிறுத்தக் கூடாது. இப்படி வால்வு கெட்ட பெண் பிள்ளைகளுக்கு அது கல்யாணமாகி முதல் கர்ப்பத்தில்தான் மூச்சு இரைப்பாக வெளியே தெரிகிறது. அந்த நேரத்தில் அது தாயின் உயிருக்கே ஆபத்து.

இதயம் எப்போது ஓய்வெடுக்கிறது?

"இதயம் ஒரு நொடிகூட ஓய்வெடுப்பதில்லை" என்று பேசுவதைக் கேட்டிருப்போம். அது உண்மை இல்லை தோழிகளே. ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் சுமார் 0.8 நொடி. அதில் கீழறைகள் சுருங்கி வேலை செய்வது சுமார் 0.3 நொடி. மீதி 0.5 நொடி தளர்ந்து, இரத்தத்தை நிரப்பிக்கொள்கின்றன. ஒரு நாள் முழுக்கக் கூட்டினால் 9 மணி நேரம் வேலை, 15 மணி நேரம் ஓய்வு. இதயம் தன் ஓய்வைத் தவணை முறையில் எடுத்துக்கொள்கிறது.

இந்தத் தாளத்தை யார் போடுகிறார்கள்? வலது மேலறையின் மேல் மூலையில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே தானாகவே லேசான மின்சாரம் உண்டாகிறது. அது மேலறைகளில் பரவி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நின்று, பிறகு கீழறைகளுக்குப் போகிறது. அதனால்தான் மேலறை முதலில், கீழறை அடுத்து என்று வரிசை தப்பாமல் சுருங்குகிறது. இ.சி.ஜி. எடுக்கும்போது தாளில் விழும் கோடு இந்த மின்சாரத்தின் கோடுதான்.

இரத்த அழுத்தம் பார்க்கும்போது 120/80 என்று இரண்டு எண் சொல்கிறார்களே, அதுவும் இப்போது புரியும். மேல் எண், இடது கீழறை சுருங்கித் தள்ளும்போது குழாயில் உள்ள அழுத்தம். கீழ் எண், அது ஓய்வெடுக்கும்போது உள்ள அழுத்தம். பல தடவை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். தலைசுற்றல், தலைவலி எதுவும் இல்லாமலே இருக்கலாம். அழுத்தம் கூடினால் மோட்டார் அடைத்த குழாயை எதிர்த்து இறைப்பது மாதிரி. இதயச் சுவர் தடித்து, நாளாக ஆகத் தளர்ந்து போகும்.

இரத்தசோகை உள்ள தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சத்து குறைந்தால், அதே பிராணவாயுவைக் கொண்டுசேர்க்க இதயம் அதிக நடை நடக்க வேண்டும். பாதிக் குடம் தண்ணீராகச் சுமந்து தொட்டியை நிரப்புவது போல. படி ஏறினால் நெஞ்சு படபடப்பது அதனால்தான். இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடுவது இதயத்தின் மேல் சுமை ஏற்றுவதுதான்.

தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பங்கு

பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

இதயத்துக்குள் எந்நேரமும் இரத்தம் நிறைந்திருக்கிறது. ஆனால் அந்த இரத்தத்தில் இருந்து இதயத் தசை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியாது. சுவர் அவ்வளவு தடிமன். ஊருக்கெல்லாம் பணம் கொடுக்கும் பொருளாளர் தனக்குக் கடன் வேண்டுமென்றால் பெட்டியில் இருந்து எடுத்துக்கொள்ள முடியாது, நோட்டில் எழுதித்தான் வாங்க வேண்டும் அல்லவா? அதுபோல.

நர்சம்மா பெருந்தமனியை விரித்துக் காட்டினார். வால்வு இதழ்களுக்குச் சற்று மேலே இரண்டு சின்னத் துவாரங்கள் தெரிந்தன. ஈர்க்குச்சியை நுழைத்துக் காட்டினார். அதுதான் கரோனரி தமனிகளின் வாய். உடம்புக்குப் போகும் இரத்தத்தில் முதல் கிளை, இதயத்துக்கே. மொத்த இரத்தத்தில் சுமார் நூற்றுக்கு ஐந்து பங்கு. நம் உடம்பில் இந்தத் தமனி பேனா ரீஃபில் அளவு தடிமன்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் என் மனதில் நின்றது. இதயம் இறுக்கிச் சுருங்கும்போது இடது சுவருக்குள் ஓடும் இந்தக் குழாய்களும் நசுங்கிவிடுகின்றன. அதனால் இடது பக்கத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் கிடைப்பது, இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும் அந்த 0.5 நொடியில்தான். ஓய்வு இல்லை என்றால் இதயத்துக்கே சாப்பாடு இல்லை. படபடவென்று வேகமாகத் துடிக்கும்போது முதலில் குறைவது இந்த ஓய்வு நேரம்தான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் உட்காரவும் நேரமில்லாமல் நின்றபடி சாப்பிடும் நம் வீட்டுப் பெண்கள் ஞாபகம் வந்தது.

புகையிலை, சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் கூடிய கொழுப்பு இவற்றால் கரோனரி தமனியின் உள்சுவரில் கொழுப்பு படிகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. இதுதான் மாரடைப்பு. முழுதாக அடைத்துவிட்டால் சுமார் அரை மணி நேரத்தில் அந்தக் குழாயை நம்பியிருந்த தசை சாகத் தொடங்குகிறது. நேரம் ஆக ஆக சாகும் பகுதி பெரிதாகிறது. செத்த இதயத் தசை திரும்ப முளைக்காது. அங்கே தழும்புதான் இருக்கும், தழும்பு சுருங்காது.

நம் ஊக்குநர் அக்காவுக்கு நடந்தது இதுதான். இடது கீழறையில் ஒரு பகுதி தழும்பாகிவிட்டது. இடது மோட்டார் சரியாக இறைக்காததால் பின்னால் நிற்கும் நுரையீரலில் நீர் தேங்குகிறது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. அதனால்தான் இரண்டு தலையணை. வலது பக்கமும் தளர்ந்தால் கால் வீங்கும். கால் வீக்கத்தையும் படுக்கும்போது வரும் மூச்சுத் திணறலையும் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இது வாயு இல்லை என்று எப்படித் தெரியும்?

சினிமாவில் வருவது போல எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதில்லை. பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் கூடவே வேறு அறிகுறிகள் வருவதும், அவை முன்னால் நிற்பதும் பெண்களிடம் அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே குறைவாகத் தெரியலாம்.

- நடு நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தது போல அழுத்தம், இறுக்கம், எரிச்சல்
- கை, தோள், தாடை, கழுத்து, மேல் முதுகு, மேல் வயிறு இவற்றில் பரவும் வலி
- காரணமில்லாமல் குளிர்ந்த வேர்வை
- மூச்சு வாங்குதல்
- குமட்டல், வாந்தி, தலை கிறுகிறுப்பு
- இதுவரை இல்லாத அசதி

இவை திடீரென்று வந்து, சில நிமிடங்களில் அடங்காமல் இருந்தால் ஓமத் தண்ணி போட அடுப்படிக்குப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுவாக இருந்தால் நல்லது, திரும்பி வந்து சிரித்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது

1. உடனே உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள். பஸ்ஸிலோ பைக்கிலோ தனியாக அனுப்பாதீர்கள்.

2. 108-க்கு போன் செய்து "நெஞ்சு வலி" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்தச் சேவை இலவசமாக நடக்கிறது.

3. வலி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவதா, குழாயை விரித்து ஸ்டென்ட் வைப்பதா என்று டாக்டர் முடிவு செய்ய அது உதவும்.

4. சாப்பிடும் மாத்திரைகள், காப்பீட்டு அட்டை இரண்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

5. ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். முதல் இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். வலி நிற்கவில்லை என்றால் மறுபடி எடுக்கக் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

6. ஆள் பேச்சு மூச்சில்லாமல் விழுந்துவிட்டால் 108-க்குச் சொல்லிவிட்டு, நடு நெஞ்சில் இரண்டு கையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி அழுத்தி விட வேண்டும். நின்றுபோன மோட்டாரை வெளியில் இருந்து கைப்பம்பு போல அடிப்பதுதான் இது. உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது.

2023 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகப்படுபவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்பாடு செய்தார்கள். உங்கள் ஊர் நிலையத்தில் இ.சி.ஜி. எந்த நேரத்தில் எடுக்கிறார்கள், இந்த மாத்திரை இருக்கிறதா, ராத்திரியில் யார் இருப்பார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். வலி வந்த பிறகு விசாரிக்க நேரம் இருக்காது.

வராமல் தடுக்க நம் கையில் இருப்பதும் நிறையவே உண்டு. வெற்றிலையோடு போடும் புகையிலையை விடுவது, உப்பை ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள் வைப்பது (ஊறுகாயும் கருவாடும் அந்தக் கணக்கில் சேரும்!), பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தாமல் சாப்பிடுவது, தினமும் கொஞ்சம் கை வீசி நடப்பது. முப்பது வயதுக்கு மேல் ஆன எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தில் செய்து பாருங்கள்

கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைத் தேடுங்கள். கடிகாரம் பார்த்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வாக இருக்கும்போது 60-இல் இருந்து 100-க்குள் இருக்க வேண்டும். பிறகு எழுந்து இரண்டு நிமிடம் வேகமாக நடந்துவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். எத்தனை கூடியது என்று நோட்டில் எழுதுங்கள்.

பேசுவோம்

1. வலது கீழறைச் சுவரைவிட இடது கீழறைச் சுவர் ஏன் தடிமன்?
2. உள்ளே இரத்தம் நிறைந்திருந்தும் இதயத்துக்குத் தனிக் குழாய் ஏன் தேவை?
3. நம் குழுவில் பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர்? கடைசியாக எப்போது பார்த்தார்கள்?
4. ராத்திரி பத்து மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் நம் தெருவில் யார் யாரை எழுப்புவோம்? கூட யார் போவது? வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?

நான்காம் கேள்விக்கு வரும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கூடவே இன்னொரு தீர்மானமும் எழுதுங்கள் என்று ஊக்குநர் அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார்: "உடம்பு சரியில்லாத நாளில் குழுப் பணத்தைக் கட்ட வேறொரு உறுப்பினர் போவார்." அவர் குழுவில் இதை எழுதிவிட்டார்கள். இப்போது வங்கிக்கு இரண்டு பேர் மாறி மாறிப் போகிறார்கள். அக்கா வீட்டில் உட்கார்ந்து கணக்கு நோட்டு மட்டும் எழுதுகிறார்.

அடுத்த இதழில் சிறுநீரகம் பற்றிப் படிப்போம். உங்கள் சந்தேகங்களை உங்கள் ஊராட்சிப் பிரதிநிதியிடம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்